நீ இப்படிச் செய்வானேன்: தாவீது கேட்காமல் விட்ட கேள்வி

இராஜாக்களின் முதலாம் புத்தகம் ஒரு முதியவரின் குளிரோடு தொடங்குகிறது. 30 வயதில் ராஜாவாகி, எப்ரோனில் 7 ஆண்டும் எருசலேமில் 33 ஆண்டும் அரசாண்ட தாவீது, எத்தனை வஸ்திரங்களால் மூடினாலும் அனல் உண்டாகாமல் படுக்கையில் கிடக்கிறார். கோலியாத்தை எதிர்க்கப் போனபோது, சவுல் அணிவித்த கவசத்தைப் பழக்கமில்லை என்று கழற்றிப் போட்டுவிட்டுக் கவணும் கல்லுமாய் நின்ற உடம்பு அது. இப்போது துணிமேல் துணியாகப் போர்த்தியும் குளிர் விடவில்லை. சூனேம் ஊரிலிருந்து அபிஷாக் என்ற இளம்பெண்ணைத் தேடிக் கொண்டுவந்து பணிவிடைக்கு வைக்கிறார்கள். ஊழியக்காரரின் கவலையெல்லாம் ராஜாவின் குளிரைப் பற்றியே இருக்கிறது. இவருக்குப் பின் சிங்காசனத்தில் உட்காரப்போகிறவர் யார் என்று ஒருவரும் அவரிடம் வாய்விட்டுக் கேட்டதாக அந்தப் பக்கத்தில் எழுதப்படவில்லை.

ஞாயிறு ஆராதனைகளில் இந்த அதிகாரத்தைப் பிரசங்கிக்க நான் கேட்டது மிகக் குறைவு. தாவீதின் சங்கீதங்களை விட்டு இறங்கினால் நேராகச் சாலொமோன் கிபியோனில் ஞானம் கேட்ட இரவுக்குப் போய்விடுகிறோம். நடுவிலிருக்கும் இரண்டு அதிகாரங்கள் நமக்குச் சங்கடமானவை. தேவன் தெரிந்துகொண்டவனே ராஜாவானான் என்பதில் விசுவாசிக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவன் ராஜாவான விதத்தைப் படித்தால் ஆள்சேர்ப்பும் பந்தியும் பயமும் அறைக்குள் நடந்த ஆலோசனையும் கடைசியில் இரத்தமும் தெரிகின்றன. பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் சபையிலும் அடுத்த போதகர் யார் என்ற வழக்கு எழுந்தது. அதில் நானும் ஒரு பக்கம் நின்றேன். அதற்குப் பிறகுதான் இந்த இரண்டு அதிகாரங்களையும் சொல் சொல்லாகப் படிக்கத் தொடங்கினேன்.

அதோனியாவை எளிதாக வில்லனாக்கிவிட முடியாது. தாவீதுக்கு எப்ரோனில் பிறந்த பிள்ளைகளில் அவன் நான்காமவன். மூத்தவனாகிய அம்னோன் கொல்லப்பட்டான். மூன்றாமவனாகிய அப்சலோம் தகப்பனுக்கு விரோதமாய் எழுப்பிய கலகத்தில் மாண்டான். இரண்டாமவனாகிய கீலேயாபைப் பற்றி, பிறந்தான் என்பதற்கு மேல் வேதத்தில் ஒரு சொல்லும் இல்லை. ஆகவே உயிரோடிருந்தவர்களில் அதோனியாவே மூத்தவனாக இருந்திருக்க வேண்டும். எப்ரோனில் பிறந்தவன் என்பதால் அவன் வயது 33க்குக் குறைந்திருக்காது. சாலொமோனோ எருசலேமில், வெகு பின்னால், பத்சேபாளுக்குப் பிறந்தவன். இஸ்ரவேலில் அதுவரை ஒரு தகப்பனுக்குப் பின் மகன் அமைதியாக அரியணை ஏறிய முன்மாதிரி கிடையாது. முதல் ராஜாவாகிய சவுலின் வீடு விழுந்தது. இரண்டாவது ராஜாவாகிய தாவீது ஆட்டுமந்தைக்குப் பின்னாலிருந்து அழைத்துவரப்பட்டவர், அதுவும் ஈசாயின் பிள்ளைகளில் எல்லாருக்கும் இளையவர். மூத்தவனுக்கு உரிமை என்று ஊர் வழக்கம் சொல்லிற்று. இளையவனைத் தேவன் எடுப்பார் என்று தாவீதின் சொந்த வாழ்க்கை சொல்லிற்று. இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு தெளிவான வார்த்தையைச் சொல்லவேண்டியவர் தாவீது ஒருவரே.

அவர் சொல்லவில்லை. அதோனியா, தான் ராஜா ஆவேன் என்று தன்னை உயர்த்தி, இரதங்களையும் குதிரைவீரரையும் தனக்கு முன்னே ஓட 50 சேவகரையும் ஏற்படுத்திக்கொண்டான். இந்த 50 என்ற எண்ணை எருசலேம் ஏற்கெனவே பார்த்திருக்கிறது. அப்சலோம் கலகத்துக்குமுன் தனக்கு இரதத்தையும் குதிரைகளையும் முன்னோடும் 50 பேரையும் வைத்துக்கொண்டான். அதே ஊர்வலம் அதே தெருக்களில் இரண்டாம் தடவை போகிறது. அரண்மனைக்குள் அதன் சத்தம் கேட்காமலிருந்திருக்க முடியாது. அந்த இடத்தில்தான் வேதம் கதையை நிறுத்தி ஒரு வாக்கியம் எழுதுகிறது: அவனுடைய தகப்பன் “நீ இப்படிச் செய்வானேன்” என்று அவனை ஒருக்காலும் கடிந்துகொள்ளவில்லை.

நம் மொழிபெயர்ப்பில் ‘கடிந்துகொள்ளவில்லை’ என்றிருக்கும் இடத்தில் எபிரேயத்தில் வரும் வினைச்சொல், மனத்தை நோகச் செய்தல் என்ற பொருளுடையது. மகன் பிறந்த நாள்முதல் தகப்பன் அவன் மனத்தை ஒருநாளும் நோகடிக்கவில்லை. இதை எந்தப் பெற்றோரிடம் சொன்னாலும் முதலில் அது பாராட்டாகத்தான் கேட்கும். பிள்ளையின் முகம் வாடப் பொறுக்காத தகப்பன் என்று நம் ஊரில் பெருமையாகவே சொல்லுவோம். வேதம் அதைக் குற்றப்பத்திரிகையில் எழுதுகிறது. அதற்கு அடுத்த சொற்களில், அவன் மிகவும் அழகுள்ளவன் என்றும், அப்சலோமுக்குப் பின் பிறந்தவன் என்றும் சேர்த்துச் சொல்லும்போது, இழந்த ஒரு மகனின் சாயலை இந்த மகனில் பார்த்துக்கொண்டிருந்த ஒரு தகப்பன் என் கண்ணுக்குத் தெரிகிறார்.

தாவீது இப்படி வாய்மூடியது இது முதல் தடவையல்ல. அம்னோன் தன் தங்கையாகிய தாமாருக்கு இழைத்த கொடுமையைக் கேட்டுத் தாவீது மிகவும் கோபங்கொண்டார் என்று எழுதியிருக்கிறது; கோபத்துக்குப் பின் அவர் எதுவும் செய்ததாக எழுதப்படவில்லை. இரண்டு ஆண்டுகள் காத்திருந்த அப்சலோம் தானே அம்னோனைக் கொன்றுவிட்டு, கேசூருக்கு ஓடி 3 ஆண்டுகள் இருந்தான். அவனைத் திரும்ப அழைத்த பிறகும், 2 ஆண்டுகள் ஒரே நகரத்தில் தகப்பன் முகத்தைக் காணாமல் இருந்தான். தண்டிக்கவும் இல்லை, மன்னித்து மடியில் சேர்க்கவும் இல்லை. நடுவில் ஒரு நீண்ட மவுனம். அந்த மவுனத்திற்குள்தான் கலகம் முளைத்தது.

ஏன் அவரால் பேச முடியவில்லை? உரியாவின் மனைவியாகிய பத்சேபாளை எடுத்துக்கொண்டு உரியாவைப் போரில் சாகவைத்த காரியத்துக்குப் பிறகு தாவீதின் வாய் அடைபட்டுப்போயிற்று என்று நான் நினைக்கிறேன். அம்னோனின் பாவத்தில் தன் பாவத்தின் நிழலைக் கண்டவர், எந்த முகத்தோடு அவனைக் கேட்பது என்று ஒதுங்கியிருக்கலாம். ஆனால் தீர்க்கதரிசியாகிய நாத்தான் வந்து “நீயே அந்த மனுஷன்” என்று நேருக்குநேர் சொன்னபோது தாவீது அழிந்துபோகவில்லை. உடைந்தார், அறிக்கையிட்டார், பிழைத்தார். ஒரு கடிந்துகொள்ளுதல் மனிதனை எப்படிப் பிழைப்பிக்கும் என்று அந்த அரண்மனையில் அனுபவமாக அறிந்தவர் அவர் ஒருவரே. தன் பிள்ளைகளிடம் அதைச் சொல்ல அவரைவிடத் தகுதியுள்ளவர் யார்? மன்னிக்கப்பட்டவர் அந்த மன்னிப்பை உள்ளத்துக்குள் வைத்துக்கொண்டு, குற்றவுணர்வைமட்டும் நடத்தையில் வைத்துக்கொண்டால், வீட்டில் எல்லாரும் அதற்கு விலை கொடுக்கிறார்கள். இந்த இடத்தில் நான் தாவீதைக் குறை சொல்ல அல்ல, என்னைக் குறித்துப் பயப்படவே கற்றுக்கொண்டேன். எனக்கும் வளர்ந்த மகன் இருக்கிறான்.

அதோனியாவின் விருந்துக்கு வருகிறேன். இன்ரோகேல் ஊற்றுக்குச் சமீபத்தில், சோகெலெத் என்னும் கல்லின் அருகே, ஆடுமாடுகளை அடித்து, தன் சகோதரராகிய ராஜகுமாரரையும் யூதாவின் மனுஷரையும் அழைத்தான். சேனாபதியாகிய யோவாபும் ஆசாரியராகிய அபியத்தாரும் அவன் பக்கம் இருந்தார்கள். தீர்க்கதரிசியாகிய நாத்தானையும், பெனாயாவையும், தாவீதின் பராக்கிரமசாலிகளையும், தன் தம்பியாகிய சாலொமோனையும் அவன் அழைக்கவில்லை. இந்த அழைப்புப் பட்டியலைவிட வெளிப்படையான சாட்சி அந்த அதிகாரத்தில் இல்லை. சகோதரர் எல்லாரையும் அழைத்தவன் ஒருவனைமட்டும் ஏன் விட்டான்? சாலொமோனைக் குறித்துத் தேவனும் தாவீதும் என்ன எண்ணியிருந்தார்கள் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. தன் காரியம் சரியானது என்று மனதார நம்புகிறவன் தீர்க்கதரிசியைப் பந்திக்கு அழைத்து, இது கர்த்தரால் உண்டானதா என்று கேட்டிருப்பான். கேட்டால் கிடைக்கும் பதில் தெரிந்திருந்ததால் கேட்கவில்லை. அவனுடைய பெயருக்கு ‘கர்த்தர் என் ஆண்டவர்’ என்று பொருள். அந்தப் பந்தியில் பலியும் இறைச்சியும் ஆசாரியரும் இருந்தார்கள், கர்த்தரிடத்தில் விசாரித்ததாகமட்டும் எழுதப்படவில்லை. சபைகளில் ஒரு தீர்மானத்துக்காக ஜெபக்கூட்டம் கூட்டும்போது, யாரை அழைக்காமல் விட்டோம் என்று பார்த்தால் போதும், நம் மனத்தில் இருப்பது வெளியே வந்துவிடும்.

மறுபக்கத்தில் நடந்ததையும் மறைக்காமல் பார்க்கவேண்டும். நாத்தான் நேராக ராஜாவிடம் போகவில்லை. முதலில் பத்சேபாளிடம் போய், உன் பிராணனும் உன் மகன் பிராணனும் தப்பவேண்டுமானால் ராஜாவிடம் போய் இப்படிக் கேள் என்று வார்த்தை வார்த்தையாகச் சொல்லிக்கொடுக்கிறார். நீ பேசிக்கொண்டிருக்கும்போதே நானும் உள்ளே வந்து உன் வார்த்தைகளை உறுதிப்படுத்துவேன் என்கிறார். பத்சேபாள் அறைக்குள் போகிறாள். ராஜா மிகவும் வயதுசென்றவராயிருந்தார், அபிஷாக் அவருக்குப் பணிவிடை செய்துகொண்டிருந்தாள் என்று அந்த இடத்தில் வேதம் ஒரு வரி கூட்டிச் சொல்கிறது. ஒரு காலத்தில் தன் அழகுக்காக அந்த வீட்டுக்கு அழைக்கப்பட்டவள், இப்போது வேறொரு இளம்பெண் பணிவிடை செய்யும் படுக்கையின் முன் முகங்குப்புற விழுந்து, தன் மகனுக்காக மன்றாடுகிறாள். இஸ்ரவேலர் அனைவரின் கண்களும் உம்மை நோக்கிக்கொண்டிருக்கின்றன, உமக்குப் பின் யார் என்று அறிவியும் என்பதே அவள் பேச்சின் உயிர். கடைசியில் ஒருவர் கேட்டுவிட்டார்.

அவள் நினைவூட்டும் ஆணை, சாமுவேலின் புத்தகங்களில் எங்கும் எழுதப்படவில்லை. இதை வைத்து, அப்படி ஒரு ஆணையே கிடையாது, முதியவரின் மறதியை நாத்தான் பயன்படுத்திக்கொண்டார் என்று வாதிடுகிறவர்கள் உண்டு. என் வாசிப்பு வேறு. தாவீதே தன் வாயால், கர்த்தர்மேல் உனக்கு நான் ஆணையிட்டபடியே இன்றைக்குச் செய்வேன் என்று சொல்கிறார். சாலொமோன் பிறந்தபோதே கர்த்தர் அவன்மேல் அன்பாயிருந்தார் என்றும், நாத்தானின் மூலமாக அவனுக்கு யெதிதியா என்று பேரிடப்பட்டது என்றும் சாமுவேலின் இரண்டாம் புத்தகம் சொல்லுகிறது. தன் ஸ்தானத்தில் சாலொமோன் ஆலயத்தைக் கட்டுவான் என்ற வாக்கை நாளாகமமும் வைத்திருக்கிறது. ஆணை இருந்தது, அது ஒரு மனைவியின் காதில்மட்டும் சொல்லப்பட்ட ஆணையாக இருந்ததுதான் குறை. சபை நடுவில் சொல்லவேண்டியதை வீட்டுக்குள் சொல்லிவைத்தால், அதை நிரூபிக்கும் பாரம் பலவீனரின் தலையில் விழுகிறது. அதோனியா ராஜாவாகிவிட்டால் தானும் தன் மகனும் குற்றவாளிகளாக எண்ணப்படுவோம் என்று பத்சேபாள் பயந்தது வீண்பயம் அல்ல.

எங்கள் சபையின் கதையை இங்கே சொல்லிவிடுகிறேன். சபையைத் தொடங்கி நடத்திய மூத்த போதகர் நோயில் விழுந்தபோது, அவருடைய மூத்த மகன் ஏறத்தாழ எல்லாப் பொறுப்புகளையும் தானாகவே எடுத்துக்கொண்டார். ஆனால் வீட்டு ஜெபக்கூட்டம் ஒன்று முடிந்து இருட்டில் நடந்து வருகையில், தமக்குப் பின் இன்னொரு இளம் ஊழியரே சபையைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று போதகர் என்னிடம் சொல்லியிருந்தார். அவருடைய மனைவிக்கும் அது தெரியும். வேறு யாருக்கும் தெரியாது. நான் அப்போது சபைக் கமிட்டியின் செயலாளர். ஒரு மாலை அந்த அம்மாவைச் சமையலறைப் படியில் உட்காரவைத்து, “ஐயாவிடம் நீங்களே கேளுங்கள், அம்மா. எல்லார் முன்பாகவும் சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது நானும் வந்துவிடுகிறேன்” என்றேன். முந்தானையைத் திருகிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தவர்கள், “நான் எப்படித் தம்பி என் பிள்ளைக்கு விரோதமாய்ப் போய்ச் சொல்வேன்?” என்று மட்டும் கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அதைப் பதில் வேண்டிய கேள்வியாகவும் அன்று நான் நினைக்கவில்லை. அவர்கள் போனார்கள். நானும் பின்னால் போனேன். போதகர் இரண்டு கம்பளிக்குள் படுத்திருந்தார். கேட்டதும் எழுந்து உட்கார்ந்து, மூப்பர்களை அழைத்துவரச் சொன்னார். எடுக்கப்பட்ட முடிவு சரியானது என்று இன்றும் நம்புகிறேன். அந்தத் தாயை நான் பயன்படுத்திய விதத்தை என்னால் சரி என்று சொல்ல முடியவில்லை. அன்று இருட்டில் போதகர் என்னிடம் சொன்னபோதே, “ஐயா, இதைச் சபைக்குச் சொல்லுங்கள், மகனிடம் முதலில் சொல்லுங்கள்” என்று கேட்டிருக்க வேண்டியவன் நான். இரகசியம் என்னிடம் ஒப்படைக்கப்பட்டது எனக்கு இனிமையாக இருந்தது. அதனால் கேட்கவில்லை.

தாவீது பேசியபோதோ, அந்தக் குளிர்ந்த உடம்பிலிருந்து பழைய ராஜா எழுந்து வருகிறார். ஆசாரியராகிய சாதோக்கையும் நாத்தானையும் பெனாயாவையும் அழைத்து, ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டளை கொடுக்கிறார்: சாலொமோனை என் கோவேறு கழுதையின்மேல் ஏற்றுங்கள், கீகோனுக்குக் கொண்டுபோங்கள், அங்கே அபிஷேகம்பண்ணுங்கள், எக்காளம் ஊதுங்கள், பிறகு அவன் வந்து என் சிங்காசனத்தில் உட்காரட்டும். ஒரு தடுமாற்றமும் இல்லை. இத்தனை தெளிவு உள்ளே இருந்திருக்கிறது, கேட்க ஆளில்லாமல். ஒருபுறம் இரதங்களும் 50 ஓட்டக்காரரும். மறுபுறம் ஒரு கோவேறு கழுதையும், ஆசாரியர் கூடாரத்திலிருந்து எடுத்துவந்த தைலக்கொம்பும். அதோனியாவுக்குத் தைலம் வார்க்கப்பட்டதாக எங்கும் இல்லை. சாலொமோன் தன் வாயைத் திறந்து ராஜ்யத்தைக் கேட்டதாகவும் எங்கும் இல்லை. முதலாம் அதிகாரத்தின் கடைசி இரண்டு வசனங்கள் வரை அவன் ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. பிறர் ஏற்றுகிறார்கள், பிறர் நடத்திக்கொண்டுபோகிறார்கள், பிறர் அபிஷேகம்பண்ணுகிறார்கள். தெரிந்துகொள்ளப்பட்டவனுடைய நிலை இப்படித்தான் இருக்கும் என்று அந்த மவுனத்தை நான் படிக்கிறேன். தகப்பனின் மவுனமும் மகனின் மவுனமும் ஒன்றல்ல. ஒருவர் பேசவேண்டிய இடத்தில் பேசவில்லை, மற்றவன் பறிக்கக்கூடாத இடத்தில் கையை நீட்டவில்லை.

கீகோன் தாவீதின் நகரத்துக்குக் கிழக்குச் சரிவில் இருக்கும் ஊற்று. இன்ரோகேல் அதே கீதரோன் பள்ளத்தாக்கில் தெற்கே, ஒரு கிலோமீட்டருக்கும் குறைந்த தூரத்தில் இருக்கிறது. இங்கே ஊதும் எக்காளம் அங்கே கேட்கும். பந்தி முடிகிற நேரத்தில் அதை முதலில் கவனித்தவன் யோவாப். வாழ்நாளெல்லாம் போர்க்களத்தில் எக்காளத்தைக் கேட்ட காது அது. நகரத்தில் ஏன் இந்த ஆரவாரம் என்று அவன் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, அபியத்தாரின் மகனாகிய யோனத்தான் வந்து சேருகிறான். “உள்ளே வா, நீ கெட்டிக்காரன்” என்று அதோனியா நற்செய்தியை எதிர்பார்த்து வரவேற்கிறான். இந்த யோனத்தானை நாம் இதே இடத்தில் முன்பே பார்த்திருக்கிறோம். அப்சலோமின் கலகத்தின்போது, தாவீதுக்குச் செய்தி கொண்டுபோகச் சாதோக்கின் மகனாகிய அகிமாசும் இவனும் ஒளிந்திருந்த இடம் இந்த இன்ரோகேல்தான். அங்கிருந்து ஓடி, பகூரிமில் ஒரு வீட்டு முற்றத்துக் கிணற்றுக்குள் இறங்கியபோது, ஒரு பெண் கிணற்றின்மேல் விரிப்பை மூடி அதன்மேல் தானியத்தைப் பரப்பி அவர்களைத் தப்புவித்தாள். உயிரைப் பணயம் வைத்து ராஜாவுக்காக ஒளிந்திருந்த அதே ஊற்றருகே, இப்போது ராஜாவுக்குத் தெரியாமல் நடந்த விருந்துக்கு அவன் செய்தி கொண்டுவருகிறான்.

அவன் தகப்பனாகிய அபியத்தாரை நினைத்தால்தான் எனக்கு மனம் கனக்கிறது. நோபில் ஆசாரியர் 85 பேரைச் சவுல் தோவேக்கின் கையால் வெட்டிப்போட்ட நாளில் தப்பியவர் அவர் ஒருவரே. ஆசாரிய வஸ்திரமாகிய ஏபோத்தைக் கையில் எடுத்துக்கொண்டு தாவீதிடம் ஓடிவந்தவரை, என்னிடத்தில் இரு, பயப்படாதே என்று தாவீது சேர்த்துக்கொண்டார். வனாந்தரத்தில் கூடவே அலைந்தார். அப்சலோமின் நாட்களில் உடன்படிக்கைப் பெட்டியோடு நின்றார். யோவாபைப் பற்றியும் வேதம் அதே ஆச்சரியத்தோடு சொல்கிறது: அவன் அப்சலோமின் பட்சம் சாயாதவன், ஆனால் அதோனியாவின் பட்சம் சாய்ந்தான். பெரிய புயலில் அசையாதவர்கள் கடைசி மைலில் சாய்ந்தது எப்படி? யோவாபுக்குத் தன் கையிலிருந்த இரத்தப்பழி பயமாயிருந்திருக்கும். அப்னேரையும் அமாசாவையும் சமாதானம் பேசுவதுபோல் நெருங்கிக் கொன்றவன் அவன். அபியத்தார் ஏன் சாய்ந்தார் என்று வேதம் சொல்லவில்லை. நெடுங்காலம் உண்மையாயிருந்தவருக்கு வரும் சோதனை ஒன்று உண்டு: இத்தனை வருடம் கூட நின்ற எனக்கு எது சரி என்று தெரியாதா என்ற எண்ணம். மூப்பராக நீண்ட நாள் இருப்பவர்கள் இந்த இடத்தை முழங்காலில் நின்று படிக்கவேண்டும்.

சாலொமோன் அபியத்தாரை ஆசாரிய ஊழியத்திலிருந்து நீக்கி, ஆனதோத்திலுள்ள அவருடைய நிலங்களுக்கு அனுப்பிவிடுகிறான். அனுப்பும்போது, நீர் மரணத்துக்குப் பாத்திரவான். ஆனாலும் என் தகப்பனாகிய தாவீதுக்கு முன்பாகக் கர்த்தருடைய பெட்டியைச் சுமந்தீர், என் தகப்பன் அநுபவித்த உபத்திரவத்தையெல்லாம் கூட அநுபவித்தீர் என்று சொல்லியே அவரை உயிரோடு விடுகிறான். தண்டனைத் தீர்ப்புக்குள்ளேயே நன்றியும் எழுதப்பட்டிருக்கிறது. இதை வாசிக்கும்போதெல்லாம் எங்கள் சபையின் ஒரு பெரியவர் ஞாபகத்துக்கு வருகிறார். ஓய்வுநாள் பள்ளியில் எனக்குப் பத்துக் கட்டளைகளை விரல்விட்டு எண்ணச் சொல்லிக்கொடுத்தவர். வழக்கில் அவர் போதகரின் மகன் பக்கம் நின்றார். பிரிந்துபோன குடும்பங்களோடு அவரும் போனார். அங்கத்தினர் பதிவேட்டில் அவர் பெயர்மேல் சிவப்பு மையால் கோடு இழுத்த கை என்னுடையது. 40 ஆண்டுகள் சபைக்கு உழைத்தவருக்கு ஒரு வரி நன்றி எழுதவேண்டும் என்று கமிட்டியில் யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. அவர் இறந்தபோது அடக்க ஆராதனைக்குப் போய்ப் பின்வரிசையில் நின்றேன். அந்தக் கோட்டை இன்று அழிக்க முடியாது.

இரண்டாம் அதிகாரத்தின் மற்றக் காரியங்களை விரித்து எழுத மனம் வரவில்லை. நல்லவனாய் நடந்தால் உன் தலைமயிரில் ஒன்றும் தரையில் விழாது என்று முதலில் மன்னிக்கப்பட்ட அதோனியா, பத்சேபாளின் மூலமாக அபிஷாகை மனைவியாகக் கேட்டான். ராஜாவின் பெண்களைச் சேர்த்துக்கொள்வது ராஜ்யத்துக்கு உரிமை கோருவதாக எண்ணப்பட்ட காலம் அது. அப்சலோம் தகப்பனின் மறுமனையாட்டிகளிடத்தில் பகிரங்கமாகப் பிரவேசித்ததை எருசலேம் மறந்திருக்காது. கேட்டது அப்பாவித்தனமா சூழ்ச்சியா என்று வேதம் நம்மை ஊகிக்க விட்டுவிடுகிறது. அன்றைக்கே அவன் செத்தான். பலிபீடத்தின் கொம்புகளைப் பிடித்துக்கொண்ட யோவாப் அங்கேயே வெட்டப்பட்டான். அப்சலோமுக்குத் தப்பி ஓடிய தாவீதைத் தூஷித்த சீமேயியும் 3 ஆண்டுகளுக்குப் பின் செத்தான். ‘சமாதானம்’ என்ற பொருளைப் பெயரிலேயே சுமந்த ராஜாவின் ஆட்சி மூன்று கொலைகளின்மேல் உறுதிப்பட்டதை வேதம் மூடி மறைக்கவில்லை, புகழவும் இல்லை. தேவன் தெரிந்துகொண்டது சரி என்பதாலேயே, தெரிந்துகொள்ளப்பட்டவர்களும் அவர்கள் பக்கம் நின்றவர்களும் செய்ததெல்லாம் சரி என்று ஆகாது. வழக்கில் ஜெயித்த பக்கத்தில் நின்றவனாக இதை எழுதுகிறேன்.

இதில் ஆறுதலான ஒன்றும் உண்டு. நாளாகமத்தின்படி, தாவீது இஸ்ரவேலின் பிரபுக்களையெல்லாம் எருசலேமில் கூட்டி, அந்தத் தள்ளாமையிலும் எழுந்து காலூன்றி நின்று, கர்த்தர் தன் பிள்ளைகள் எல்லாரிலும் சாலொமோனைத் தெரிந்துகொண்டார் என்று எல்லாரும் கேட்கச் சொல்கிறார். அங்கே சாலொமோன் இரண்டாந்தரம் அபிஷேகம்பண்ணப்படுகிறான். தாவீதின் மற்றக் குமாரரும் அவனுக்கு அடங்குகிறார்கள். கீகோனில் அவசரமாக நடந்ததைத் தாவீது பிறகு நிதானமாக, பகிரங்கமாகச் செய்து முடித்தார் என்றே இதைப் புரிந்துகொள்கிறேன். பிந்திப் பேசியதும் பேச்சுத்தான்; அவர் நின்று பேசியதால் ஆலயத்தின் மாதிரியும் அதற்கான பொன்னும் வெள்ளியும் தகப்பன் கையிலிருந்து மகன் கைக்குச் சபையார் முன்பாகவே மாறின. எங்கள் போதகரும் மூப்பர்கள் முன் பேசிய பிறகு இன்னும் 5 மாதம் உயிரோடிருந்தார். அந்த நாட்களில் தம் மகனைக் கூப்பிட்டுத் தனியே வெகுநேரம் பேசினார் என்று அம்மா பிறகு சொன்னார்கள். சபை பிரிந்த பிரிவு ஒட்டவில்லை. ஆனால் மகன் ஒவ்வொரு ஆண்டும் தகப்பன் கல்லறைக்கு வரும்போது நாங்கள் பேசிக்கொள்கிறோம்.

மறைவான சிநேகத்தைப்பார்க்கிலும் வெளிப்படையான கடிந்துகொள்ளுதல் நல்லது என்ற வாக்கு, எசேக்கியாவின் மனுஷர் பெயர்த்து எழுதின சாலொமோனின் நீதிமொழிகளில் இருக்கிறது. அதை எழுதினவனுடைய வீட்டில் தகப்பனின் மவுனத்தால் மூன்று அண்ணன்மார் செத்திருந்தார்கள். அறிந்தே எழுதினான் என்று நம்புகிறேன். ஆயினும் சாலொமோனும் 40 ஆண்டுகள் அரசாண்டு மரித்தபோது, தனக்குப் பின் வருபவனை அவன் ஜனங்கள் முன் நிறுத்திப் பேசியதாக ஒரு வரியும் இல்லை. அவன் மகனாகிய ரெகொபெயாம் சீகேமுக்குப் போனான். பாரத்தை இலகுவாக்கும் என்று கேட்ட ஜனங்களுக்கு நயமாய்ப் பதில் சொல்லும்படி, சாலொமோனின் சமுகத்தில் நின்ற முதியோர் சொன்ன ஆலோசனையைத் தள்ளினான். தன்னோடு வளர்ந்தவர்கள் சொன்னபடி, என் சுண்டுவிரல் என் தகப்பனாருடைய இடுப்பைப் பார்க்கிலும் பருமனாயிருக்கும் என்றான். இஸ்ரவேலர் தங்கள் கூடாரங்களுக்குப் போய்விட்டார்கள். அன்று ரெகொபெயாமுக்கு 41 வயது. கணக்குப் போட்டுப் பார்த்தால், கீகோனில் எக்காளம் ஊதப்பட்டு நகரம் அதிர்ந்த நாளில், அவன் சாலொமோனின் வீட்டில் ஒரு வயதுக் குழந்தை.